மாதம் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி

அர்ஜென்டினாவின் தெற்குக் கோடியில் பனியாறு பார்க்கப் போன ஒருவரின் வீடியோவில், வழியில் ஒரு ஆட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் நினைவுச் சின்னம் ஒன்றைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்: "1921இல் இங்கே 1500 அராஜகவாதிகளை ராணுவம் சுட்டுக் கொன்றதாம். அவர்கள் என்ன கலகமா செய்தார்கள்? முதல் தடவை சமாதானம் பேசி வைத்த அதே அதிகாரி இரண்டாம் தடவை வந்து ஏன் சுட்டார்?" இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கிய அரசு, ஒரு வருடம்கூட ஆகாமல் அதே ஆட்களை வரிசையில் நிற்க வைத்துச் சுடுகிற இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் அது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. இருபத்தைந்து வருடமாகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் சங்கத் தரப்புக்கு வக்காலத்து போடுகிறவன். இந்தக் கதை மேல் பித்துப் பிடித்ததால், தட்டுத் தடுமாறி ஸ்பானிஷ் படித்து, கிடைத்ததை எல்லாம் வாசித்திருக்கிறேன். அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து காகிதம் புரட்டியவன் இல்லை. ஆகவே ஒப்பந்தம், கோரிக்கைப் பட்டியல், வேலைநிறுத்தம் பற்றிச் சொல்வதை என் தொழில் அனுபவத்திலிருந்தும், சாவுகளைப் பற்றிச் சொல்வதைப் பெரும்பாலும் ஒஸ்வால்டோ பையர் என்ற அர்ஜென்டின வரலாற்றாசிரியரின் உழைப்பிலிருந்தும் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. 'அராஜகம்' என்பது நம் ஊரில் பஸ்ஸை எரிப்பதற்கும், ஆளுங்கட்சியைத் திட்டுவதற்கும் பயன்படுகிற சொல். இங்கே பேசப்படுகிறவர்கள் அரசும் முதலாளியும் இல்லாமல் உழைப்பவர்களே கூடி வாழ முடியும் என்று நம்பிய ஒரு தொழிற்சங்கக் கூட்டம். அதனால் 'அரசின்மைவாதி' என்றே எழுதுகிறேன்.

இடத்தை மனதில் கொண்டுவராமல் இந்தக் கதை பிடிபடாது. இது நடந்த சாந்தா க்ரூஸ் பிரதேசம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பு. 1920இல் மொத்த ஜனத்தொகை இருபதாயிரத்துக்கும் குறைவு. மரமில்லாத வெட்டவெளி, ஓயாத காற்று, மீதி இடமெல்லாம் ஆடுகள். நிலம் சில குடும்பங்களின், கம்பெனிகளின் கையில். மெனெண்டெஸ், பிரவுன் குடும்பங்கள் அவற்றில் பெரியவை, ஆங்கிலேயர்களும் நிறைய. கம்பளி கப்பல் ஏறி லண்டன் போகும். கடைகளில் பெரியவற்றை நடத்துவதும் அதே கைகள்தான் என்பதால், கூலியாகக் கொடுத்த காசில் கணிசமான பங்கு கல்லா வழியாகத் திரும்பி வந்துவிடும். வேலை செய்தவர்களில் அதிகம் பேர் சிலி நாட்டின் சிலோயே தீவிலிருந்து வந்த ஏழைகள். அவர்களோடு ஸ்பெயின்காரர், ஜெர்மானியர், ரஷ்யர், போலந்துக்காரர். அது மாகாணம்கூட இல்லை. தலைநகரிலிருந்து நேரடியாக ஆளப்பட்ட 'தேசியப் பிரதேசம்'. கவர்னரை ஜனாதிபதி நியமிப்பார். அங்கிருப்பவர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு கிடையாது.

அர்ஜென்டின அரசின்மைவாதிகளுக்கு 1921 முதல் அடி இல்லை. 1901இல் அவர்கள் முன்னணியில் நின்று உருவான தொழிலாளர் கூட்டமைப்புதான் ஃபோரா. அடுத்த வருடமே அரசு 4144ஆம் எண் சட்டத்தைக் கொண்டு வந்தது. வெளிநாட்டில் பிறந்த யாரையும் விசாரணை இல்லாமல் நாடு கடத்தலாம். தொழிலாளர்களில் பெரும் பகுதி குடியேறிகளாக இருந்த நாட்டில் அது எப்படிப்பட்ட ஆயுதம் என்று யோசித்துப் பாருங்கள். (அந்தச் சட்டம் 1958 வரை உயிரோடு இருந்தது.) 1909 மே தினத்தில் நாட்டின் தலைநகர் புவனஸ் அயர்ஸில் போலீஸ் தலைவர் ரமோன் ஃபால்கோனின் ஆட்கள் ஊர்வலத்தின் மீது சுட்டார்கள். அந்த வருடம் நவம்பரில் சிமோன் ரடோவிட்ஸ்கி என்ற பதினெட்டு வயதுப் பையன் குண்டு வீசி ஃபால்கோனைக் கொன்றான். அடுத்த வருடம் இன்னும் கடுமையான சட்டம். 1919 ஜனவரியில் வசேனா இரும்பாலை வேலைநிறுத்தம் தலைநகரமே பற்றி எரிகிற ஒரு வாரமாக மாறியது, இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். அதன் புகையிலிருந்து பணக்கார வீட்டு இளைஞர்களின் 'தேசபக்த லீக்' பிறந்தது. இந்த லீக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இதை எல்லாம் செய்தது ஏதோ ராணுவ சர்வாதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். 1916இல் ஆண்களுக்கான ரகசிய வாக்கெடுப்பில் முதன்முதலாக ஜெயித்து வந்த இபோலிதோ இரிகோயென்தான் 1919இலும் 1921இலும் ஜனாதிபதி. ஆரம்பத்தில் கப்பல் தொழிலாளர் தகராறில் எல்லாம் தொழிலாளி பக்கம் சாய்ந்து சமரசம் பேசியவர். உங்கள் கேள்வி கூர்மையாவது இங்கேதான். வாக்குப் பெட்டி வழியாக ஆட்சிக்கு வந்தவரின் ஆட்சியில் இது நடந்தது.

இனி ரியோ காயேகோஸ். பிரதேசத்தின் தலைநகரம் என்று பெயர், நம் கணக்கில் பெரிய கிராமம். அங்கிருந்த தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக 1920இல் வந்தவர் அந்தோனியோ சோட்டோ. ஸ்பெயினின் கலீசியாவில் 1897இல் பிறந்தவர். ஒரு நாடகக் குழுவோடு மேடை சாமான் தூக்குகிறவராகத் தெற்கே வந்து, குழு கிளம்பிய பிறகு தங்கிவிட்டார். வயது இருபத்து மூன்று. ஸ்பெயினில் 1909இல் சுட்டுக் கொல்லப்பட்ட கல்வியாளர் ஃபெரேருக்கு நினைவுக் கூட்டம் நடத்தச் சங்கம் அனுமதி கேட்டது. போலீஸ் மறுத்தது. அங்கே ஆரம்பித்த உரசல் வேலைநிறுத்தமாயிற்று. அப்போதைய தற்காலிகக் கவர்னர் கொரேயா ஃபால்கோன் இன்னொரு நாற்காலியிலும் இருந்தார். நிலமுதலாளிகள் சங்கத்தின் செயலாளர் நாற்காலி! எங்கள் தொழிலில் 'நிர்வாகத் தரப்பும் நடுவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள்' என்று கிண்டலாகச் சொல்வோம். அங்கே அது கிண்டல் இல்லை, நியமன உத்தரவு.

1920 நவம்பரில் சங்கம் பண்ணை முதலாளிகளிடம் வைத்த கோரிக்கைப் பட்டியலை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. பட்டியல் படிப்பதுதானே பிழைப்பு. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அறையில் மூன்று பேருக்கு மேல் படுக்க வைக்கக் கூடாது. கட்டிலும் மெத்தையும் முதலாளி தர வேண்டும். ஆள் ஒன்றுக்கு மாதம் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி. எல்லோரும் கூடும் அறையில் ஒரு கணப்பு, ஒரு விளக்கு, பெஞ்சுகள். துணி துவைத்துக்கொள்ளச் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் விடுமுறை. மாதச் சம்பளம் குறைந்தது நூறு பேசோ. மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற குறிப்புகள் ஸ்பானிஷ் மொழியில் இருக்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பண்ணைகளுக்கு வந்த மருந்துப் பெட்டிகளில் எந்தக் குப்பி எதற்கு என்பது ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டாக்டர் நூறு மைல் தள்ளி இருப்பார். கத்தரிக்கோல் கையைக் கிழித்துவிட்டால், தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய சீட்டைப் பார்த்துத்தான் சிலோயேக்காரன் மருந்து போட வேண்டும். அதே மாதிரிதான் மெழுகுவர்த்தியும். தெற்கே நடுக் குளிர்காலத்தில் பகல் சுமார் எட்டு மணி நேரம்தான். மீதி நேரம் இருட்டில் கிடக்க வேண்டும், அல்லது சொந்தக் காசில் மெழுகுவர்த்தி வாங்க வேண்டும், அதுவும் முதலாளியின் கடையில். 'சாவு வரைக்கும் போராட்டம்' என்று முழங்குகிற துண்டறிக்கைகளையும் அவர்கள் அச்சடித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேஜைக்கு வந்த காகிதத்தில் அரசை ஒழிப்பது பற்றி ஒரு வரி கிடையாது. எங்கள் ஊர் நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள் எழுதித் தந்த பட்டியல்கள் என்னிடம் இருக்கின்றன. ஃபேன், பக்கெட், இரவு ஷிப்டுக்கு டீ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கையெழுத்து மட்டும்தான் வேறாக இருக்கும்.

முதலாளிகள் ஏன் இதற்குக்கூட மறுத்தார்கள்? போர்க் காலத்தில் எகிறிய கம்பளி விலை, போர் முடிந்ததும் சரிந்துவிட்டது. இது நிஜமான நெருக்கடி. சாக்குப்போக்கு என்று தள்ள மாட்டேன். ஆனால் மெழுகுவர்த்தியின் விலை எந்தப் பண்ணையையும் மூழ்கடிக்காது. அவர்களுக்குத் தொண்டையில் சிக்கியது வேறு ஒரு வரி. பண்ணைக்கு ஒரு தொழிலாளர் பிரதிநிதி, அவரைச் சங்கத்தின் ஆளாக முதலாளி அங்கீகரிக்க வேண்டும் என்ற வரி. என் அனுபவத்தில் எந்தத் தகராறும் கடைசியில் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கும். காசுக்கு இறங்கி வருவார்கள், அங்கீகாரத்துக்கு வர மாட்டார்கள்.

முதல் வேலைநிறுத்தம் முழுக்கச் சாத்வீகமாக நடக்கவில்லை. 1921 ஜனவரியில் எல் செர்ரிதோ என்ற இடத்தில் போலீசுக்கும் ஆயுதம் வைத்திருந்த வேலைநிறுத்தக்காரர்களுக்கும் மோதல். போலீஸ் தரப்பிலும் சாவு விழுந்தது. அதன் பிறகுதான் இரிகோயென் லெப்டினன்ட் கர்னல் எக்தோர் வரேலாவைப் பத்தாம் குதிரைப் படையோடு அனுப்பினார். இசா என்ற புதுக் கவர்னரும் வந்தார். வரேலா இரண்டு தரப்பையும் கேட்டார், பண்ணைகளின் நிலைமையைப் பார்த்தார், தொழிலாளிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆயிற்று. வேலைநிறுத்தக்காரர்கள் பெரும்பாலும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். ஒரு சின்னக் கும்பல் மட்டும் துப்பாக்கியோடு விலகிப் போனது. சோட்டோவின் சங்கம் அவர்களோடு ஒட்டவில்லை. ஒரு குண்டுகூடச் சுடாமல் வேலையை முடித்த வரேலா மே மாதம் புவனஸ் அயர்ஸுக்குத் திரும்பினார். முதலாளிகள் அவரை மெத்தனமானவர், கோழை என்றெல்லாம் பத்திரிகைகளில் கிழித்தார்கள்.

இங்கே தொழில் கண்ணோடு ஒன்று சொல்கிறேன். நான் பழகிய 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில், சமரச அதிகாரி முன் போடுகிற ஒப்பந்தத்தை நாங்கள் 'பன்னிரண்டு மூணு' என்போம், அந்தப் பிரிவின் எண்ணை வைத்து. அது எல்லோரையும் கட்டியது, மீறினால் சிறைத் தண்டனை வரை இருந்தது. அப்படிச் சட்டம் இருந்தும், கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் அதைக் குப்பையில் போட்ட ஒரு நிர்வாகத்தோடு ஏழு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். சாந்தா க்ரூஸில் அந்தச் சட்டமும் இல்லை. ஒப்பந்தத்தை அமல்படுத்த அங்கே இருந்த ஒரே ஏற்பாடு வரேலாவின் துருப்புகள். அவை கப்பலேறியதும் காகிதம் வெறும் காகிதம். முதலாளிகள் ஷரத்துகளை நிறைவேற்றவில்லை. தேசபக்த லீக்கின் கிளைகள் முளைத்தன. அக்டோபரில் சங்க அலுவலகத்தில் போலீஸ் புகுந்து தலைவர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றியது. சோட்டோ அப்போது பண்ணைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்ததால் தப்பினார்.

இரண்டாவது வேலைநிறுத்தத்தின் கோரிக்கை இரண்டுதான்: பிடித்தவர்களை விடு, போட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்று. உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி இந்த வரியிலேயே இருக்கிறது. 'புரட்சி' என்று பெயர் சூட்டி அடக்கப்பட்டது, அரசாங்கமே முன்னின்று வாங்கித் தந்த ஒரு கையெழுத்தைக் கேட்டு நடந்த வேலைநிறுத்தம். நூற்றுக்கணக்கில் கூட்டம் கூட்டமாகக் குதிரையில் பண்ணை பண்ணையாகப் போய் வேலையை நிறுத்தினார்கள். குதிரைகளையும் துப்பாக்கிகளையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டார்கள், எடுத்ததற்குச் சங்கத்தின் பெயரில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பண்ணை மேலாளர்களைப் பிணையாகவும் பிடித்து வைத்தார்கள். இதெல்லாம் குற்றம்தான், கோர்ட்டில் நான் வாதாடியிருந்தாலும் பிணை பிடித்ததை நியாயப்படுத்தியிருக்க மாட்டேன். மரண தண்டனைக்குரிய குற்றமில்லை, அதுவும் கோர்ட்டே இல்லாமல்.

வரேலா நவம்பர் 10ஆம் தேதி திரும்ப வந்தார், சுமார் இருநூறு சிப்பாய்களோடு. பலர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இருபது வயதுப் பையன்கள். இந்த முறை அவர் சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசவில்லை. சரணடையாதவர்கள், ஆயுதத்தோடு பிடிபடுகிறவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள், தேவையானால் சுடப்படுவார்கள் என்று அறிவிக்கை விட்டார். நாடாளுமன்றம் ராணுவச் சட்டம் எதையும் பிரகடனம் செய்யவில்லை. ஒரு விசாரணைகூட நடக்கவில்லை. பாசோ இபான்யெஸ் பக்கத்துக் கூட்டத்தின் தலைவர் ரமோன் ஒதெரேயோவைச் சுட்டார்கள். சான் ஹூலியான் பக்கத்துத் தலைவர் அல்பீனோ அர்குவேயெஸ், கொல்லர், அரசின்மைவாதிகூட இல்லை, சோஷலிஸ்ட், அவரையும் சுட்டார்கள். பண்ணை முதலாளிகளும் மேலாளர்களும் சரணடைந்தவர்களின் வரிசையைப் பார்த்து 'இவன் நல்லவன், இவன் வம்புக்காரன்' என்று பிரித்துக் காட்டினார்கள் என்பதைப் பல சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். சங்கப் பிரதிநிதி என்றால் முடிந்தது.

நீங்கள் வீடியோவில் பார்த்த இடம் லா அனிதா, மெனெண்டெஸ் குடும்பத்தின் பண்ணை. டிசம்பர் 7ஆம் தேதி இரவு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில் சில நூறு பேர் கூட்டம் போட்டார்கள். கேப்டன் வின்யாஸ் இபார்ராவின் படை பக்கத்தில் வந்துவிட்டது. சரணடைவதா வேண்டாமா? பெரும்பாலான சிலிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை: போன தடவை வரேலா நியாயமாகத்தானே நடந்துகொண்டார், இந்தத் தடவையும் பேசிவிடுவார். பாப்லோ ஷுல்ஸ் என்ற ஜெர்மானியர் சண்டை போடுவோம் என்றார். சோட்டோ எழுந்து, உங்கள் எல்லோரையும் சுடப்போகிறார்கள், கிளம்புங்கள் என்று கெஞ்சினார். ஓட்டெடுத்தார்கள், சரணடைவது என்று முடிவாயிற்று. அரசின்மைவாதிகளின் கூட்டத்தில் தலைவருக்கு வீட்டோ கிடையாது. சோட்டோ, இந்த மாதிரி ஆட்களிடம் என் உயிரைத் தர மாட்டேன் என்ற அர்த்தத்தில் பேசிவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேரோடு குதிரை ஏறி இருட்டில் சிலி எல்லையைப் பார்த்துப் போனார். ஷுல்ஸ் போகவில்லை. முடிவை எதிர்த்து ஓட்டுப் போட்டவர், முடிவு எல்லோருடையது என்று தங்கினார். மறுநாள் சுடப்பட்டவர்களில் அவரும் ஒருவர். இந்தக் கூட்டத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: அந்த ஆட்களைக் கொட்டகையில் கட்டிப்போட்டது பிப்ரவரியில் போட்ட ஒப்பந்தம். வரேலா மீது அவர்கள் வைத்த நம்பிக்கை அந்தக் கையெழுத்திலிருந்து வந்தது.

ராணுவத்தோடு கொஞ்சமாவது நிஜச் சண்டை என்று சொல்லத்தக்கது வடக்கே தெவெல்சே ரயில் நிலையத்தில் நடந்தது. அங்கே தலைவர் ஹோசே ஃபோன்ட், மாட்டு வண்டி குதிரை வண்டியில் சரக்கு அடிக்கிறவர். ஊரில் 'ஃபக்கோன் கிராந்தே', பெரிய கத்திக்காரர் என்று பெயர். அவருடைய ஆட்கள் திருப்பிச் சுட்டதும் படை பின்வாங்கியது. பிறகு பேச்சுவார்த்தை, உயிருக்கு உத்தரவாதம் என்று சொல்லிச் சரணடைய வைத்து, ஹராமிய்யோ அருகே அவரைச் சுட்டார்கள்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். 1500 என்பது தொழிலாளர் தரப்பு அந்தக் காலத்திலேயே சொல்லி, இன்று எல்லா இடத்திலும் ஓடுகிற எண். ராணுவ அறிக்கைகள் அதில் மிகச் சிறிய பங்கைத்தான் ஒப்புக்கொள்கின்றன, அதையும் 'மோதலில் இறந்தவர்கள்' என்று எழுதுகின்றன. சில நூறு என்று மதிப்பிடுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பல உடல்கள் எரிக்கப்பட்டன, பல பெயரில்லாக் குழிகளில் போயின. செத்தவர்களில் பலர் பருவ வேலைக்கு வந்த சிலிக்காரர்கள், தேடி வர உறவினர் இல்லாதவர்கள். அதனால் 1500 என்று அடித்துச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள், சில டஜன்தான் என்கிறவரையும் நம்பாதீர்கள். 'மோதல்' என்ற சொல்லை மட்டும் உறுதியாகத் தள்ளிவிடலாம். அத்தனை மாதப் படையெடுப்பில் ராணுவத் தரப்பில் இறந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இரண்டு பக்கமும் துப்பாக்கி இருக்கிற சண்டையில் கணக்கு அப்படி வராது.

இரிகோயென் 'சுடு' என்று சொன்னாரா என்பது அடுத்த சர்ச்சை. வரேலா தனக்குக் கிடைத்த உத்தரவைத்தான் நிறைவேற்றியதாக அவர் பக்கத்தவர்கள் கடைசி வரை சொன்னார்கள். அப்படி எழுத்தில் ஒரு ஆணையை யாரும் எடுத்துக் காட்டியதில்லை. பிறகு என்ன நடந்தது என்பது தெளிவு. 1922 பிப்ரவரியில் சோஷலிஸ்ட் உறுப்பினர் அந்தோனியோ தி தோமாசோ நாடாளுமன்றத்தில் விவரங்களை அடுக்கி விசாரணைக் குழு கேட்டார். ஆளுங்கட்சி மறுத்தது. உத்தரவு கொடுத்தாரோ இல்லையோ, தெரிந்த பிறகு மூடினார்கள். எங்கள் பக்கத்தில் இதைப் பின்னேற்பு என்போம். ஆரம்பத்தில் அனுமதி கொடுத்ததற்குச் சமம்.

வரேலா ஏன் மாறினார்? ஆள் மனதுக்குள் நான் போக முடியாது. சுற்றிலும் என்ன மாறியிருந்தது என்று காட்ட முடியும். தலைநகர்ப் பத்திரிகைகள் 'கொள்ளைக்காரர்கள்' என்றே எழுதின. பிரிட்டிஷ் தூதரகம் தன் குடிமக்களின் சொத்துக்குப் பாதுகாப்புக் கேட்டது. போன முறை கோழை என்று வாங்கிய திட்டு அவருக்கு உறுத்தியிருக்கும். சிலி அரசே கலகக்காரர்களுக்குப் பின்னால் இருக்கிறது என்ற எல்லைப் பயத்தை ராணுவம் பின்னால் காரணமாகச் சொன்னது. ஆனால் சிலிப் போலீஸ் எல்லையை அடைத்து அர்ஜென்டினாவுக்கு உதவியதைப் பார்க்கும்போது அந்த வாதம் நிற்கவில்லை. இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். தலைநகரில் இருந்த மிதவாதத் தொழிற்சங்கத் தலைமை சோட்டோவின் ஆட்களை ஏறக்குறையக் கைகழுவிவிட்டது. தனியாக நிற்கிற சங்கத்தை அடிப்பது சுலபம்.

அவர்கள் அரசின்மைவாதிகள் என்பதால்தான் கொல்லப்பட்டார்களா? பாதி ஆம். வெளிநாட்டுக்காரன், கடவுள் இல்லை என்கிறவன், நாட்டுக் கொடியை மதிக்காதவன் என்று ஏற்கனவே இருபது வருடமாகக் கட்டி வைத்திருந்த பொம்மை, துப்பாக்கி தூக்குவதைச் சுலபமாக்கியது. ஆனால் சுடப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் எந்த வாதத்தையும் படித்திருக்க வாய்ப்பில்லாத ஆடு மேய்க்கிற சிலோயேக்காரர்கள். வேலைநிறுத்தம் அடங்கியதும் முதலாளிகள் சம்பளத்தைக் குறைத்தார்கள். யாருக்காக எது நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்கு வேண்டாம்.

1922 புத்தாண்டன்று ரியோ காயேகோஸ் சமூக கிளப்பில் ஆங்கிலேயர்கள் எழுந்து நின்று வரேலாவுக்குப் பாராட்டுப் பாட்டுப் பாடினார்கள். பிப்ரவரி 17ஆம் தேதி சான் ஹூலியானில் சிப்பாய்களுக்கு வேறு வரவேற்பு கிடைத்தது. 'லா காத்தலானா' என்ற விலைமாதர் விடுதிக்கு அவர்களைக் குழுக் குழுவாக அனுப்பினார்கள். அங்கிருந்த ஐந்து பெண்கள் கதவை மறித்து, கொலைகாரர்களோடு படுக்க மாட்டோம் என்று துடைப்பத்தாலும் கட்டைகளாலும் விரட்டினார்கள். அந்தப் பெண்களைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். அவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன: கொன்சுவேலோ கார்சியா, ஆஞ்ஜெலா ஃபோர்த்துனாதோ, அமாலியா ரொத்ரிகெஸ், மரியா ஹூலியாச்சே, மாட் ஃபாஸ்டர். நாட்டில் கொல்லப்பட்டவர்களுக்காக அந்த நேரத்தில் முகத்துக்கு நேராகப் பேசியவர்கள் வெகு சிலர். அதில் இந்த ஐந்து பேரும் உண்டு.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1923 ஜனவரியில் புவனஸ் அயர்ஸில் கூர்ட் வில்கென்ஸ் என்ற ஜெர்மானியர், டால்ஸ்டாய் வழியில் அகிம்சை பேசியவர், வரேலாவை அவர் வீட்டு வாசலில் குண்டு வீசியும் சுட்டும் கொன்றார். அந்த நேரத்தில் குறுக்கே வந்த ஒரு சிறுமியை மறைத்து நின்றதில் வில்கென்ஸின் காலும் உடைந்தது. ஜூன் மாதம் சிறையில் தூங்கிக்கொண்டிருந்த அவரை, தேசபக்த லீக்கைச் சேர்ந்த பெரெஸ் மில்லான் சுட்டுக் கொன்றார். மில்லானைப் பைத்தியம் என்று மனநல விடுதிக்கு அனுப்பினார்கள். அங்கே 1925இல் இன்னொரு நோயாளி அவரைச் சுட்டுக் கொன்றார். சோட்டோ சிலியிலேயே வாழ்ந்தார். 1933இல் ஒரு தடவை ரியோ காயேகோஸ் திரும்பிப் பார்த்தார், வெளியேற்றினார்கள். 1963இல் புந்தா அரேனாஸில் இறந்தார்.

இதெல்லாம் நமக்குத் தெரிகிறதென்றால் அதற்குப் பையர் முக்கியக் காரணம். அவருடைய பெற்றோர் அந்தக் காலத்தில் ரியோ காயேகோஸில் இருந்தவர்கள்; அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர். அறுபதுகளின் கடைசியில் கிளம்பிப் போய், முதலாளிகள், தப்பித்தவர்கள், வயதாகிப்போன அந்த இருபது வயதுச் சிப்பாய்கள் என எல்லோரையும் தேடிப் பிடித்துப் பேசினார். எழுபதுகளில் அவர் எழுதியதற்காக மிரட்டப்பட்டு ஜெர்மனிக்கு ஓட வேண்டி வந்தது. அவருக்குத் தொழிலாளர் பக்கச் சாய்வு உண்டு, அதை மறைத்ததும் இல்லை. எதிர்த்தரப்புச் சாட்சிகளையும் பதிவு செய்ததால்தான் அவர் எழுதியது இன்றும் தாங்குகிறது.

அங்கே போனால் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். லா அனிதா இன்னும் தனியார் பண்ணைதான். நினைவுச் சின்னம் சாலையோரத்தில் இருக்கிறது. ஹராமிய்யோவில் ஃபக்கோன் கிராந்தேவுக்குச் சிலை உண்டு. ரியோ காயேகோஸ் நுழைவாயிலில் நெடுஞ்சாலை ஓரமாக 2023இல் பையருக்கும் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருந்தார்கள். அதைத் தேடிப் போக வேண்டாம். 2025 மார்ச்சில் தேசிய நெடுஞ்சாலைத் துறை மண்வெட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்து இடித்துவிட்டது.